டூ ஸ்ட்ரோக் வண்டியின் நாலு உயிர்: ஒரு ராஜ்தூத் 350 சொல்லிக்கொடுத்தது

மேல்மருவத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். புதுசா பெயின்ட் அடித்து, குரோம் போட்டு, ஸ்டிக்கர்கூட பழைய மாதிரியே தேடிப் பிடித்து ஒட்டிய வண்டி. 80-ல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் சத்தம் லேசாக மாறியது. ஆக்சிலரேட்டர் அதே இடத்தில் இருக்க, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வேகம் குறைந்தது. என்னடா இது என்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாகப் போய் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வண்டி அப்போதும் அவ்வளவு அழகாக இருந்தது. அதுதான் ரொம்ப எரிச்சலாக இருந்தது.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை மீட்டெடுக்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்திருந்தேன். கண்ணுக்குத் தெரிகிற வேலையை முதலில் முடித்தேன். தெரியாத வேலையை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டேன். இந்தப் பதிவு அந்த "அப்புறம்" பற்றியது. இன்ஜின் ஏன் ஜாம் ஆகிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டியின் கதை

யமஹா 1973-ல் ஆர்.டி.350-ஐக் கொண்டுவந்தது. காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர், 39 குதிரைத்திறன், முன்பக்கம் டிஸ்க் பிரேக். அன்றைக்கு இதைவிட இரண்டு மடங்கு பெரிய இன்ஜின் வைத்த வண்டிகளையே வளைவுச் சாலைகளில் திணறடித்த வண்டி. வெளிநாடுகளில் 1976-ல் ஆர்.டி.400 அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

இந்தியாவுக்கு அது தாமதமாகத்தான் வந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் தயாரிக்க ஆரம்பித்தது. அதுவரை ராஜ்தூத் என்றால் பால்காரர் ஓட்டுகிற 175 சிசி வண்டி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதே பெயரில் திடீரென்று இப்படி ஒரு ராக்கெட். நம் ஊருக்காக இன்ஜினை அடக்கினார்கள். முதலில் வந்தது 'ஹை டார்க்', 30.5 குதிரைத்திறன். பிறகு மைலேஜுக்காக இன்னும் அடக்கி 'லோ டார்க்', சுமார் 27. செலவைக் குறைக்க முன் டிஸ்க்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக் போட்டார்கள். 'ரேபிட் டெத்' என்று வண்டிக்குப் பட்டப்பெயர் வந்ததில் அந்த டிரம்முக்கும் பங்கு உண்டு.

பெட்ரோலைக் குடிக்கிறது, ஸ்பேர் விலை அதிகம், கை தேர்ந்த மெக்கானிக் கிடைப்பதில்லை. 1980-கள் முடியும்போது தயாரிப்பும் முடிவுக்கு வந்தது. அப்போது சீந்தாமல் விட்ட வண்டியை இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள். என்னிடம் இருப்பது லோ டார்க். ஹை டார்க் வாங்குகிற வசதி எனக்கு இல்லை.

கிராங்க்கேஸ் ஒரு பம்ப்

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற அறைக்கு ஆயிலைத் தேக்கி, கிராங்கை நனைக்கிற வேலைதான். அங்கே கொஞ்சம் கசிந்தால் தரையில் ஆயில் சொட்டும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் அதே அறைதான் இன்ஜினின் நுரையீரல்.

பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க்கேஸில் வெற்றிடம் உண்டாகிறது. கார்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அதற்குள் இழுக்கப்படுகிறது. ஆர்.டி.யில் வழியில் ரீட் வால்வு என்று மெல்லிய தகடுகள் இருக்கும். உள்ளே போக மட்டும் திறக்கும், வெளியே வர விடாது. பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டர் சுவரில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்கள் வழியாக மேலே பாய்கிறது. பாயும்போதே எரிந்த புகையையும் எக்ஸாஸ்ட் பக்கம் தள்ளிவிடுகிறது. வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் கிடையாது. இப்படி கிராங்க்கேஸையே பம்ப்பாகப் பயன்படுத்தும் யோசனை இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் 1890 வாக்கில் காட்டியது. இத்தனை வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

6000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் நொடிக்கு 100 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 100 முறை அந்த அறை மூச்சை இழுத்து விடுகிறது. அந்த அறையில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருந்தாலும், ஒவ்வொரு இழுப்பிலும் அந்த வழியாகக் கொஞ்சம் வெறும் காற்று உள்ளே வரும். அந்தக் காற்றில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. கலவை மெலிந்துவிடும். மெக்கானிக்குகள் 'லீன் ஆயிடுச்சு' என்பார்கள்.

லீன் ஆனால் எரிப்பு சூடாகும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனைக் குளிர்விப்பதில் அந்தப் பெட்ரோல் கலவைக்கும் பங்கு உண்டு. அதோடு ஆயிலும் அதே கலவையில்தான் வருகிறது. அதனால் ஒரே ஓட்டை மூன்று வேலை செய்கிறது: சூட்டைக் கூட்டுகிறது, குளிர்ச்சியைக் குறைக்கிறது, ஆயிலையும் நீர்க்க வைக்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஆர்.டி.யின் சிலிண்டர் விட்டம் 64 மி.மீ. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளி சுமார் 0.04 மி.மீ. பிஸ்டன் அலுமினியம், அது உரசி ஓடுகிற லைனர் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். 64 மி.மீ. அலுமினியம் 100 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட 0.15 மி.மீ. விரிகிறது. சாதாரணமாக லைனரும் கூடவே சூடாகி விரிவதாலும், பிஸ்டனின் மேற்பகுதியைக் கொஞ்சம் ஒடுக்கியே கடைந்திருப்பதாலும் சமாளித்துவிடும். பிஸ்டன் மட்டும் அளவுக்கு மீறிச் சூடானால் அந்த 0.04 எங்கே நிற்கும்? பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்கிறது. அதுதான் ஜாம்.

நாலு உயிர்

வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து இடது பேரலைக் கழற்றினால், எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழே நகத்தால் கீறின மாதிரி கோடுகள். அலுமினியம் உருகிச் சுவரில் அப்பியிருந்தது. ஜாம் ஆன பிஸ்டனைத் தூக்கிப் போடுவதற்கு முன் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது ஒரு வாக்குமூலம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் காயம் என்றால் பெரும்பாலும் லீன், அதிகச் சூடு. நாலு மூலையிலும் ஒரே மாதிரி தேய்மானம் என்றால் இடைவெளி போதவில்லை, அல்லது இன்ஜின் சூடாவதற்கு முன்பே முறுக்கியிருக்கிறோம். இன்டேக் பக்கம் சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாக மண் போயிருக்கலாம்.

பேரலை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெரியவர் டயல் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"ஸ்டாண்டர்டுலயே இருந்திருக்கு. நாப்பது வருஷ வண்டி, ஒரு தடவைகூட போர் பண்ணல. இத போய் இப்படிப் பண்ணிட்டீங்களே தம்பி."

"0.25-ல சரியாயிடுமாண்ணே?"

"கோடு ஆழமா போயிருக்கு. 0.50 எடுத்தாத்தான் சுத்தமாகும்."

இந்தப் பேரல்களுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நாலு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. ஒவ்வொரு முறை போர் பண்ணும்போதும் லைனரிலிருந்து கொஞ்சம் இரும்பு போகிறது. நாலாவது முறை விட்டம் 65 மி.மீ. ஆகிவிடும்; அதற்கு மேல் லைனரைக் குடைய முடியாது. இரும்பை எடுக்கலாம், திருப்பி ஒட்ட முடியாது. ஆக, ஸ்டாண்டர்ட் அளவில் கிடைக்கிற ஒரு பேரலுக்கு நாலு உயிர். கடைசியில் புது லைனர் இறக்கலாம், ஆனால் அதில் எல்லா போர்ட் ஜன்னல்களையும் சரியான உயரத்தில் வெட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் மாறினாலே வண்டியின் குணம் மாறிவிடும்.

நான் ஒரே நாளில் இரண்டு உயிரைச் செலவழித்திருந்தேன். இதில் இன்னொரு கொடுமை: இரண்டு சிலிண்டரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதால், ஒரு கீறலும் இல்லாத வலது பேரலையும் 0.50-க்குக் குடைய வேண்டியதாயிற்று. முன்னால் ஓட்டியவர்கள் நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை, 'மீட்டெடுக்கிறேன்' என்று கிளம்பிய நான் கெடுத்தேன்.

பழைய வண்டியை மீட்டெடுப்பது என்றால் புதுசாக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். அபூர்வமான வண்டியில் முதல் வேலை, திரும்பக் கிடைக்காததைச் செலவழிக்காமல் பார்த்துக்கொள்வது. பெயின்ட்டைப் பத்து முறை அடிக்கலாம். பேரலுக்கு நாலு முறைதான்.

காரணம் எங்கே இருந்தது?

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். வண்டி அறிகுறி காட்டாமல் இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் ஐடிலுக்கு இறங்காமல் இன்ஜின் ஒரு நிமிஷம் மேலேயே பாடிக்கொண்டிருக்கும். 'டியூனிங் சரியில்ல' என்று கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினேன். உண்மையில் அது எங்கோ காற்று உள்ளே வருகிறது என்பதற்கான முதல் அடையாளம்.

கிராங்க்கின் இரண்டு முனைகளிலும் ரப்பர் ஆயில் சீல் இருக்கும். ஆர்.டி.யில் இடது முனையில் ஆல்டர்னேட்டரும் பாயின்ட்டும். அந்தப் பக்கம் காய்ந்த அறை. வலது முனையில் கிளட்ச், கியர் ஆயில். வலது சீல் போனால் கியர் ஆயில் கிராங்க்கேஸுக்குள் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகையாக வரும், கியர் ஆயில் மட்டம் குறையும். ஊரே பார்க்கும். இடது சீல் போனால் வெறும் காற்று போகும். புகை இல்லை, சொட்டு இல்லை, ஒன்றுமே தெரியாது. ரப்பர் சீல் ஓடாமல் கிடந்தாலும் காய்ந்து கெட்டியாகும். பல வருஷம் கிடந்த வண்டியின் சீல்களை அப்படியே நம்பி ஓட்டியது என் தப்பு.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேஜ் பிஸ்டனுக்கு மேலே இருப்பதைத்தான் அளக்கும். கீழே இருக்கிற பம்ப்பைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

பி.பி. மீட்டர் சோதனை

கிராங்க்கேஸ் கசிகிறதா என்று பார்க்க எளிமையான சோதனை ஒன்று உண்டு. இன்ஜினின் எல்லா வாசல்களையும் அடைத்து, உள்ளே சுமார் 6 பி.எஸ்.ஐ. காற்றை ஏற்றி, அது நிற்கிறதா என்று பார்ப்பது. அதற்குத் தனிக் கருவிகள் விற்கின்றன. மருந்துக்கடையில் கிடைக்கிற, முள் காட்டும் பி.பி. மீட்டரே போதும். அதன் டயல் 300 மி.மீ. பாதரசம் வரை போகும். அது கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. கையில் அமுக்குகிற பல்பு, காற்றை விடுகிற திருகு எல்லாம் கூடவே இருக்கிறது. கைப்பட்டையை மட்டும் கழற்றிவிட வேண்டியதுதான்.

செய்முறை இது:

ஒன்று, இரண்டு சைலன்சரையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து, மேலே ஒரு தகட்டைப் போட்டு இறுக்க வேண்டும்.

இரண்டு, கார்பரேட்டர்களை எடுத்துவிட்டு இன்டேக் ரப்பர்களில் சரியான அளவு அடைப்பான் செருகி கிளாம்ப் போட வேண்டும். ஒரு அடைப்பானில் மட்டும் துளையிட்டு பி.பி. மீட்டர் டியூபைச் செருக வேண்டும்.

மூன்று, இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். ஆர்.டி. கிராங்க்கின் நடுவில் இரண்டு அறைகளையும் பிரிப்பது ரப்பர் சீல் இல்லை, 'லேபிரிந்த்' என்கிற பள்ளம் பள்ளமான வளையம். அது ஓடும்போதுதான் தடுக்கும். நின்றிருக்கும்போது காற்றை மெதுவாக விட்டுவிடும். ஒரு பக்கத்தை மட்டும் சோதித்தால், நன்றாக இருக்கிற இன்ஜின்கூட கசிவது போலத் தெரியும்.

நான்கு, மெதுவாக 300 வரை ஏற்றிவிட்டு ஆறு நிமிஷம் காத்திருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 1 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 50 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல இன்ஜினில் முள் அசையவே அசையாது. இதற்கு மேல் அழுத்தம் ஏற்றக் கூடாது, சீல் பிதுங்கிவிடும்.

ஐந்து, ஷாம்பு கலந்த தண்ணீரை பிரஷால் தடவ வேண்டும். பேரல் அடி பேக்கிங், ரீட் வால்வு பேக்கிங், இடது மூடியைக் கழற்றி கிராங்க் முனை, ஒவ்வொன்றாக. குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. வலது சீலை இப்படிப் பார்க்க முடியாது. கியர் ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தால் 'குளுக் குளுக்' என்று கேட்கும்.

என் வண்டியில் 300-லிருந்து முள் இருபது நொடியில் பூஜ்யத்துக்கு வந்தது. இடது சீலைச் சுற்றி நுரை பொங்கியது. இன்டேக் ரப்பர் ஒன்றிலும் மயிரிழை விரிசல். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இதற்கு ஒதுக்கியிருந்தால் இரண்டு உயிர் மிச்சமாகியிருக்கும்.

எந்த வேலைக்குப் பின் எது

இன்றைக்கு இன்னொரு வண்டி கிடைத்தால் இந்த வரிசையில்தான் செய்வேன்.

முதலில் கிக்கரில் கை வைக்கக் கூடாது. பல வருஷம் நின்ற வண்டியை 'ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்' என்று உதைத்தால், துரு பிடித்த ரிங் சிலிண்டரைக் கீறும். பிளக்கைக் கழற்றி இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ. ஒயரிங், கேபிள் போகும் வழி, வாஷர் எண்ணிக்கை, எதுவும் நினைவில் நிற்காது.

அடுத்து கிராங்க். டூ ஸ்ட்ரோக் கிராங்க், துண்டு துண்டாகச் செய்து பிரஸ்ஸில் அமுக்கிச் சேர்த்தது. பேரிங், சீல் மாற்றும்போது அதை இரண்டு முனையில் நிறுத்திச் சுற்றி, கோட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோட்டம் இருந்தால் புது சீலையும் அது சீக்கிரமே அடித்துவிடும். எல்லோரும் செய்ய முடிகிற வேலை இல்லை. செய்யத் தெரிந்தவரைத் தேடிப் போவதுதான் நல்லது, ஒரு மாதம் காத்திருக்க வைத்தாலும்.

மூன்றாவது, போரிங். முதலில் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ப போர் பண்ணச் சொல்ல வேண்டும். போரிங் முடிந்ததும் போர்ட் ஜன்னல்களின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அதை லேசாக மழுக்கிவிட வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் சிலிண்டரில் ஜன்னலே கிடையாது என்பதால், அந்த வேலையே செய்து பழகிய பட்டறையில் இது மறந்துபோகலாம். மழுக்காமல் விட்டால் ரிங் அந்த ஓரத்தில் மாட்டி உடையும். பிஸ்டன் மேல் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஆட்டோலூப். ஆர்.டி.யில் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. தனி டேங்கிலிருந்து ஒரு சின்ன பம்ப், ஆக்சிலரேட்டர் கேபிளோடு சேர்ந்து, எவ்வளவு முறுக்குகிறோமோ அதற்கேற்ப ஆயில் விடும். அற்புதமான ஏற்பாடுதான், ஆனால் கழற்றி மாட்டினால் ஆயில் குழாயில் காற்று நிற்கும். அந்தக் காற்றை வெளியேற்றாமல் ஓட்டினால் இன்ஜினுக்கு ஆயிலே போகாது. இரண்டு சிலிண்டருக்கும் ஆயில் போகிறதா என்று கண்ணால் பார்க்கும் வரை நம்பக் கூடாது. முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் டூ டி ஆயிலைக் கையாலும் கலந்துவிடுவேன். கொஞ்சம் புகை வரும், வந்தால் வரட்டும்.

ஐந்தாவது, டைமிங். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயின்ட். பிளக் ஓட்டையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்கிற மாதிரி, ஒவ்வொரு பக்கமும் தனியாக வைக்க வேண்டும். 'காதால கேட்டே வச்சிடுவேன்' என்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ஸ்பார்க் சீக்கிரம் அடித்தாலும் பிஸ்டன் சூடாகும்.

ஆறாவது, டேங்க். உள்ளே துரு இருந்தால் சலவை சோடா கரைசல் ஊற்றி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்கிலும், பாசிட்டிவை உள்ளே தொங்கவிட்ட இரும்புக் கம்பியிலும் கொடுத்தால் துரு கழன்று வரும். கம்பி டேங்கைத் தொடக் கூடாது. எவர்சில்வர் கம்பி வேண்டாம், விஷமான குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த வெளியில் செய்யணும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பெட்ரோல் வாசனை கொஞ்சமும் இல்லாமல் கழுவிய பிறகுதான் இந்த வேலை.

இப்போதைய பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரியக் குறைந்த காற்று போதும். அதனால் பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை சுமார் 7, 8 சதவீதம் லீன் பக்கம் போய்விடும். சீல் எல்லாம் சரியாக இருந்தாலும், மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, பிளக் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் அரிக்கும். ஓட்டாத மாதங்களில் டேங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்து வைக்கிறேன்.

இதெல்லாம் முடிந்து ஐநூறு கிலோமீட்டர் ஓடி, பிளக் காபிக் கொட்டை நிறத்தில் வந்த பிறகுதான் பெயின்ட் கடைப் பக்கம் போக வேண்டும்.

ஸ்பேர், பிரேக், காகிதம்

ஸ்பேருக்கு சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும்தான் முதல் வாசல். 'ஒரிஜினல் ஜப்பான்' என்று நீட்டுகிற எல்லாம் ஜப்பான் இல்லை. பிஸ்டன் என்றால் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போய் கடையிலேயே அளந்து பார்க்கிறேன். முதலில் முறைத்தார்கள், இப்போது 'வாங்க சார்' என்று ஸ்டூல் போடுகிறார்கள். சீலும் பேரிங்கும் அளவு எண்ணை வைத்து நல்ல பேரிங் கடையில் வாங்கினால் போதும், அதற்கு ஆர்.டி. முத்திரை தேவையில்லை.

பிரேக் விஷயத்தில் இன்னும் எனக்கு மனசு இரண்டாகத்தான் இருக்கிறது. டிஸ்க் போட்டால் உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் ராஜ்தூத் 350 டிரம்மோடு பிறந்த வண்டி. இப்போதைக்கு டிரம்மைக் கடைந்து வட்டமாக்கி, புது லைனிங் ஒட்டி, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடுகிற மாதிரி இணைப்புக் கம்பியைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். அந்தக் கம்பி சரியாக இல்லாததுதான் பல வண்டிகளில் 'பிரேக்கே இல்ல' என்பதற்குக் காரணம். மிச்சத்தை வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கிறேன்.

காகிதம் முக்கியம். 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிகள், முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத்தான். 1983-ல் பதிவான முதல் ராஜ்தூத்களுக்கே அது 2033-ல்தான் வரும். அந்த விதியில், வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அதனால் இன்று கழற்றுகிற எந்த அசல் பாகத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். இன்ஜின், சேசிஸ் எண்கள் மேல் தேய்ப்புக் காகிதமே படக் கூடாது. பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.

இரண்டாவது முறை

புது சீல், கோட்டம் எடுத்த கிராங்க், 0.50 பிஸ்டன். பி.பி. மீட்டர் முள் ஆறு நிமிஷமும் 300-லேயே நின்றது. அதே சாலையில், அதே இடத்தைத் தாண்டும்போது கை கிளட்ச் மேலேயே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் சமர்த்தாக ஐடிலுக்கு இறங்கியது. திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே பழுப்பு.

டேங்கில் இப்போது ஒரு கீறல் விழுந்திருக்கிறது. சரிசெய்யவில்லை, அப்படியே இருக்கட்டும். லேத் பட்டறைப் பெரியவர் என் பேரலின் அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 64.50. அதை ஆர்.சி. கவரிலேயே வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இந்த வண்டியை வாங்குகிறவருக்கு இன்னும் இரண்டு உயிர் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.